இன்னும் வீடு வந்து சேராத கழுகாசலம்

கழுகாசலம் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. மாலையும் கழுத்துமாக மில் வேனில் போய்க்கொண்டிருக்கிறார்.

அந்த நூல் மில்லில் வழக்கம் அப்படி. ஐம்பத்தெட்டு முடிந்தவருக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, மில் வேனிலேயே ஏற்றிக் கொண்டுபோய் வீட்டில் விடுவார்கள். வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே கால் வைக்கிற வரை அவர் மில் ஆள். அவருக்கும் மனைவிக்கும் மில் மருந்தகத்தில் மாத்திரை உண்டு. தாண்டிவிட்டால் கிடையாது. சர்க்காரின் மருந்து அட்டையோ அறுபது முடிந்தவர்களுக்குத்தான், அதுவும் ஆளுக்கு ஆள் தனி. நடுவில் கிடக்கிற காலத்துக்கு ரத்த அழுத்தம் சும்மா இருக்குமா, சர்க்கரைதான் பொறுத்துக்கொள்ளுமா? அதனால் விவரம் தெரிந்தவர்கள் யாரும் அவசரப்பட்டு வீட்டுக்குப் போவதில்லை. வேன் ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கழுகாசலத்துக்கு ஜன்னலோர இருக்கை. உட்கார்ந்தே தூங்கி, உட்கார்ந்தே விழித்து, கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. வேனில் உட்கார்ந்ததால் வந்த இடுப்பு வலிக்கும் மில் மருந்தகத்தில் தைலம் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. மாலை வாடினால் டிரைவர் தாவீது புதுசு வாங்கிப் போட்டுவிடுவான். கம்பவுண்டர் முகத்தைப் பார்ப்பதில்லை, மாலையைப் பார்த்துத்தான் மாத்திரை கொடுப்பார். சம்பங்கி கழுத்தில் உறுத்தி உறுத்தி அந்த இடம் காய்த்துவிட்டது.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வேன் அவர் வீட்டைக் கடக்கும். மனைவி பேச்சியம்மாள் வாசலுக்கு வந்து ஜன்னல் வழியாகத் தூக்குவாளியைக் கொடுப்பாள். அவர் மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுப்பார். அதில் பாதி அவளுடையது. இரண்டு வருஷக் குடித்தனம் அந்த ஜன்னலுக்குள் நடந்தது. அலுத்துத்தான் போயிற்று இருவருக்கும்.

அறுபது முடிந்த அன்று அட்டை வந்துவிட்டது. வேன் வாசலில் நின்றது. பேச்சியம்மாள் ஆரத்தித் தட்டோடு நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். கழுகாசலம் ஒரு காலை இறக்கி மண்ணில் ஊன்றினார். இரண்டு வருஷமாக அவர் ஆசைப்பட்டதெல்லாம் இவ்வளவுதான்: சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தன் கட்டிலில் காலை நீட்டிப் படுக்க வேண்டும். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"உன் மாத்திரைக்கு என்ன செய்ய?" என்றார்.

அவளுக்கு அறுபதாக இன்னும் நாலு வருஷம் இருந்தது.

"அது கெடக்கட்டும். நீங்க மொதல்ல வந்து சேருங்க."

"போன வருஷம் மாத்திரை தீந்துபோயி கொழாயடியில விழுந்து கெடந்தியே."

"விழுந்தா எந்திரிக்கத் தெரியாதா எனக்கு?"

விழுந்த அன்றைக்கு அவள் எழுந்திருக்கவில்லை, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கழுகாசலம் ஊன்றிய காலை மறுபடி உள்ளே எடுத்துக்கொண்டார்.

"எடு தாவீது," என்றார்.

பேச்சியம்மாளுக்கு வந்த ஆத்திரத்தில் ஆரத்தித் தண்ணீரை வேன் சக்கரத்தில் வீசி ஊற்றினாள். இறங்காத மனிதருக்கு யார் சுற்றுவது? அன்று சாயங்காலம் தூக்குவாளி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கழுகாசலம் டீக்கடை பன்னைத் தின்றுவிட்டு, இந்த உடம்புக்கு இன்னும் நாலு வருஷம் வேன் தாங்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். தாங்காது என்றுதான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் வேன் வந்தபோது, பேச்சியம்மாள் தச்சாசாரியைக் கூட்டி வந்து நிலைப்படியைப் பெயர்த்து எடுத்து வாசலில் சாத்தி வைத்திருந்தாள். மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்தாயிற்று.

"தாவீது, படியத் தாண்டினாத்தான வேலை முடிஞ்சதா அர்த்தம்?"

"ஆமா மதினி."

"படி உன் வண்டியில இருந்தா அண்ணாச்சி எதைத் தாண்டுவாரு?"

தாவீது சற்று யோசித்தான். "நியாயந்தான்," என்றான். "ஆனா சீட்டு காலியா இருக்கக் கூடாது மதினி. மாலையும் இருக்கணும்."

நிலைப்படியை ஜன்னலோரத்தில் சாய்த்து உட்காரவைத்தார்கள். கழுகாசலம் மாலையைக் கழற்றி அதற்குப் போட்டு, சால்வையையும் போர்த்திவிட்டார். அன்றைக்கே கம்பவுண்டர் மாலையைப் பார்த்து மாத்திரைகளை எண்ணித் தாவீதிடம் கொடுத்தனுப்பினார். பேச்சியம்மாளுக்கு உண்டானது ஒன்றுகூடக் குறையவில்லை.

கழுகாசலம் வீட்டுக்குள் போனார். கால் எதிலும் தட்டவில்லை. பேச்சியம்மாள் புது ஆரத்தி கரைத்து வைத்திருந்தாள். ஆனால் அவரை எந்த இடத்தில் நிறுத்திச் சுற்றுவதென்று தெரியவில்லை. இங்கே வெளி, இங்கே உள் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வாசலில் தொடங்கி அடுப்பங்கரை வரை அவர் பின்னாலேயே தட்டோடு நடந்து பார்த்தாள். பிறகு ஆரத்தியை மூடி வைத்துவிட்டாள். வந்து சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவருக்கும் சட்டையைக் கழற்றக் கூச்சமாக இருந்தது. விருந்தாட்கள் உட்காரும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவள் விருந்தாட்களுக்கு எடுக்கும் டம்ளரில் காப்பி கொடுத்தாள். கட்டில் பக்கத்து அறையில்தான் இருந்தது. வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் எப்படிப் போய்ப் படுப்பது?

"வெயில் ரொம்ப," என்றார்.

"ஆமா, ரொம்ப," என்றாள்.

சாயங்காலம் தெருமுனையில் வேன் சத்தம் கேட்டது. இருவரும் எழுந்து வாசலுக்குப் போனார்கள். பேச்சியம்மாள் மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு தூக்குவாளியை ஜன்னல் வழியாக உள்ளே வைத்தாள். நிலைப்படியின் மேல் சால்வை நழுவியிருந்தது. அதை இழுத்துச் சரிசெய்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப மெலிஞ்சிட்டாரு," என்றாள் கழுகாசலத்திடம். "எப்ப வருவாராம்?"

"நாலு வருஷம் ஆகும்," என்றார் அவர்.

வேன் தெரு திரும்பி மறைகிற வரை இருவரும் கையசைத்துக்கொண்டு நின்றார்கள்.