சோற்றைத் தொட்ட விருந்தாளி

முதுகில் மூட்டையோடு ஊர் சுற்றும் வெள்ளைக்காரர்கள், ஒரே கூரைக்கடியில் ஊரே அறை அறையாகக் குடியிருக்கும் எங்கள் நீள்வீட்டுக்குப் புதிதல்ல. படகிலிருந்து இறங்கும்போதே பாசியில் வழுக்கி விழுவார்கள். சிரித்தபடி எழுந்து கோழியையும் நாயையும் படம் பிடிப்பார்கள். மாரெக் விழவில்லை. பாசி படிந்த கல்லைத் தாண்டி அடுத்த கல்லில் கால் வைத்தான். எனக்கு அவனை அப்போதே பிடிக்காமல் போயிற்று.

போலந்துக்காரனாம். நாடு நாடாகச் சுற்றுகிறானாம். சரவாக்குக்கு வருவது இதுதான் முதல் தடவை என்று உடைந்த மலாயில் சொன்னான். மற்றவர்கள் மிட்டாய் கொண்டுவருவார்கள், இவன் உப்பும் புகையிலையும் கொண்டுவந்தான். அதுவும் என் அப்பா பிடிக்கும் அதே சிவப்பு உறைப் புகையிலை. அப்பா அந்த நிமிடமே கவிழ்ந்துவிட்டார்.

"யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்காங்க," என்றேன் பக்கத்து அறை செண்டியிடம்.

"உனக்கு எல்லாருமே திருடன்தான் மெங்கான். கட்டிக்கப் போற மாப்பிள்ளையையே சந்தேகப்பட்டவதானே நீ?"

"அது தப்பாவா போச்சு?"

 என் புருஷன் அடுத்த ஊர்க்காரியோடு போனது அவளுக்கும் தெரியும்.

நான் காரணமில்லாமல் பயப்படவில்லை. போன வறட்சியில் மேலாற்று வீட்டுக்கு இதே மாதிரி ஒருத்தன் மூட்டையோடு வந்தான். எங்கள் பழக்கவழக்கம் எல்லாம் கற்றுக்கொள்ள வந்தேன் என்றான். அங்கிருந்த கிழவருக்கு அரிசிக் கள்ளை ஊற்றிக் கொடுத்து, பாட்டன் காலத்து ஜாடியை ஒரு பழைய கைபேசிக்குப் பேரம் பேசிக் கொண்டுபோய்விட்டான். எங்கள் அறையிலும் ஒரு ஜாடி இருக்கிறது. யார் கண்ணும் படாமல் பாயைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

மாரெக் அறைக்குள் வந்ததும் நேராக அந்த மூலையைத்தான் பார்த்தான்.

"ஜாடி... இருக்குல்ல?"

"எந்த ஜாடி?"

அவன் காது சிவந்தது. "இல்லக்கா, எல்லார் வீட்லயும் இருக்குமேன்னு..." என்று வழிந்தான். எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது.

அதன் பிறகு நான் அவனை விட்டு நகரவே இல்லை. பொதுக்கூடத்தில் அவன் நடந்தால் நானும் நடந்தேன். அப்பா வேலை செய்யும் இடத்தில் போய் உட்கார்ந்தான். நான் கூடையை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

அப்பா இரும்புபோல் கெட்டியான பெலியான் மரத்தில் ஒரு குட்டி வீடு செய்துகொண்டிருந்தார். இறந்தவர்களுக்கான பெரிய விழா நெருங்கிவிட்டது. ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை வந்தாலே அதிகம். செத்துப்போன ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குட்டி வீடு செய்து கல்லறையில் வைத்துவிட்டால் அதோடு தீர்ந்தது. அதற்கப்புறம் அந்த ஆளை யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

"இது யாருக்கு?" என்று கேட்டான் மாரெக்.

"என் பையன் லுவாட்டுக்கு," என்றார் அப்பா, தலையைத் தூக்காமல்.

லுவாட் என் தம்பி. எங்கள் ஆண்பிள்ளைகளும் ஊர் சுற்றப் போகிறவர்கள்தான். போனவன் எதையாவது சம்பாதித்துக்கொண்டு திரும்ப வேண்டும், வெறுங்கையோடு வந்தால் கேவலம். லுவாட் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். நான் சோற்றுத் தட்டை நீட்டினேன். எங்களில் சாப்பிட நேரமில்லாதவன்கூட நீட்டிய சோற்றை விரலால் தொட்டுத் தொண்டைக்குழியில் வைத்துவிட்டுத்தான் போவான். தொடாமல் போனால் முதலையோ பாம்போ வழியில் காத்திருக்கும். லுவாட்டுக்கு வலக்கையில் ஆள்காட்டி விரல் கிடையாது, சின்ன வயதில் மூங்கில் பிளக்கும்போது போய்விட்டது. அதனால் நடுவிரலால் தொடுவான். அன்றைக்கு எந்த விரலாலும் தொடவில்லை.

பல வருடம் கழித்து, பப்புவா மரக்கூப்பில் நம் ஆள் ஒருத்தனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஒரு சேதி வந்தது. பெயர் என்ன என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. சோற்றைத் தொடாமல் போனவன், வேறு யாராக இருக்க முடியும்?

"எப்ப முடியும் இந்த வேலை?" என்றான் மாரெக். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"கூரைதான் பாக்கி. பொழுது சாயறதுக்குள்ள ஆயிடும்."

அவன் சட்டென்று எழுந்து ஆற்றங்கரைக்கு ஓடினான். கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அங்கும் இங்கும் அலைந்தான். இங்கே சிக்னல் ஏது? கூட்டாளியைக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். ஓடிப்போய் ஜாடியைப் பார்த்தேன். பாய் போட்டபடியே இருந்தது.

திரும்பி வந்தவன் மூட்டையை மாட்டிக்கொண்டான். "நான் போகணும் அக்கா. இப்பவே."

"தங்கறேன்னுதானே வந்தே? சோறு ஆயிடுச்சு. சாப்பிட்டுப் போ." எனக்கு அவன் மூட்டையைத் திறந்து பார்க்க நேரம் வேண்டியிருந்தது.

"நேரமில்லக்கா, மன்னிச்சிருங்க."

தட்டை நீட்டினேன். அவன் குனிந்தான். வலக்கையின் ஆள்காட்டி விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, நடுவிரலால் சோற்றைத் தொட்டுத் தொண்டைக்குழியில் வைத்தான்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். சோறு தரையெல்லாம் சிதறியது.

"யார்டா சொல்லிக் குடுத்தா?"

"இது... உங்க வழக்கம்தானே?"

"தொடறது வழக்கம். எல்லா விரலும் நல்லா இருக்கறவன் எதுக்குடா ஒண்ண மடக்கறே?"

மாரெக் தன் கையையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். "அதுவும் வழக்கம்னுல்ல நெனச்சேன்," என்றான்.

 நான் மணிக்கட்டை விடவில்லை. லுவாட் சாவதற்கு முன்னால் சொல்லிக் கொடுத்திருக்கலாமே?

"அவன எப்ப பார்த்தே?"

"இன்னைக்குக் காலையில. கீழ கப்பிட் டவுன் படகுத்துறையில. என்கூடத்தான் வந்தாரு, அங்கேயே காத்திருக்காரு. கையில ஒண்ணுமில்லன்னு மேல வர பயப்படறாரு. ஜாடி இருக்கா, அப்பா இருக்காரா, எனக்கு எடம் இருக்கான்னு பாத்துட்டு வா, பேர மட்டும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. இங்க வந்து பாத்தா..." அவன் குட்டி வீட்டின் பக்கம் திரும்பினான்.

"வெறுங்கையோட வந்தா வெட்டிப் போட்டுருவோமா? மடப்பய, மடப்பய!" என்று திட்டினேன். திட்டத் திட்ட அழுகை வந்தது.

அப்பா உளியோடு பக்கத்தில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"இளைச்சுட்டானா?" என்று கேட்டார்.

"ஆமா," என்றான் மாரெக்.

நான் சட்டியிலிருந்த சோற்றை இலையில் கட்டினேன். மாரெக் கை நீட்டினான்.

"உன்ன நம்பிக் குடுக்கறதா? நானே வர்றேன். நட," என்றேன்.

படியில் இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "செண்டி, இந்தக் குட்டி வீட்டுக் கூரைய எடுத்து அடுப்புல வை. வர்றவனுக்கு உலை வைக்கணும்."

"பெலியான் மரமாச்சே மாமா! லேசுல பிடிக்காதே."

"மண்ணெண்ணெய ஊத்து," என்றார் அப்பா. "பிடிக்கற வரைக்கும் ஊத்து."