நூற்று அறுபதாவது மணி

டக்.

சின்னச் சத்தம்தான். ஆனால் அவள் கையிலிருந்த டீ தளும்பி மேஜையில் கொட்டியது.

சோதனை அறையில் வேறு யாரும் இல்லை. மூலையிலிருந்த இரும்புப் பலகையில் முறுக்கேற்றி இறுக்கி வைத்த மூன்று போல்ட்டுகளில் ஒன்றுக்குத் தலையைக் காணோம். யாரும் தொடாமலே தெறித்துச் சுவரோரம் கிடந்தது.

தொழிற்சாலையில் அவளுக்கு 'உடைப்பு மேடம்' என்று பெயர். போல்ட்டை உடைத்துப் பார்த்து, தேறும் தேறாது என்று கையெழுத்துப் போடுவது வேலை. பூச்சுப் பூசிய போல்ட்டுகள், இறுக்கிய நிலையில் இருநூறு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். இது நூற்று அறுபதாவது மணி. அவளோ முதல் நாளே கையெழுத்துப் போட்டிருந்தாள். வாங்கியவர்கள் அவசரம் என்று பறந்தார்கள், முந்தைய நாற்பது லாட்டில், அதாவது தொகுதியில், ஒன்றுகூடப் பிசகியதில்லை. அந்தத் தெம்பு.

இந்த மூன்று போல்ட்டுகளும் வந்த லாட் இப்போது ஒரு டவர் கிரேனின் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று நாளாக. தூணின் உச்சியில், அறுபது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மனிதன்.

போல்ட் உடைந்த பரப்பை லென்சில் பார்த்தாள். நல்ல எஃகு இழுபட்டுக் கிழிந்தால் மங்கலாக, நார் நாராக இருக்கும். இது உடைத்த சர்க்கரைக் கட்டி மாதிரி மினுமினுத்தது. ஹைட்ரஜன்.

பூச்சுப் பிரிவு ஃபோர்மன் அவளுடைய தாய்மாமா. தொட்டியருகே நின்றிருந்தார்.

"மாமா, அந்த கிரேன் லாட்டை எப்ப ஓவன்ல வச்சீங்க?"

"ஏன் கண்ணு, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"எப்ப வச்சீங்க?"

மாமா கையுறையை நிதானமாகக் கழற்றினார். "அன்னைக்கு ஓவன்ல சூடேத்துற காயில் போயிடுச்சு. மறுநாள் சாயங்காலம்தான் சரியாச்சு. ஆனா சும்மா விட்டேனா? எட்டு மணி நேரம் சுட வேண்டியதை முழுசா ஒரு நாள் சுட்டேன். லேட்டானதுக்கு அது சரியாப் போச்சு."

"துவைச்ச துணியா மாமா, இன்னைக்கு விட்டா நாளைக்குக் காயப்போட?"

அமிலத்திலும் பூச்சுத் தொட்டியிலும் முங்கும்போதே ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். பஸ் நெரிசலில் பிக்பாக்கெட் நுழைவது போல, இரும்பு அணுக்களின் இடுக்கில் நெளிந்து நெளிந்து, எங்கே இழுவிசை அதிகமோ அங்கே போய்ச் சேரும். போல்ட்டுக்கு அது கழுத்து. அங்கே அணுக்களின் பிடியைத் தளர்த்தும். நாலு மணி நேரத்துக்குள் சூடேற்றினால் ஓடிவிடும். தாமதித்தால் உள்ளே நுண்ணிய விரிசல் விழும். விழுந்த விரிசலை எந்த ஓவனும் ஒட்டாது.

"ரிஜிஸ்டர்ல நாலு மணி நேரத்துக்குள்ளன்னு இருக்கே?"

"எப்பவும் எழுதறதுதானே. கை அதுவா எழுதிடுச்சு." குரல் இறங்கியது. "போன் பண்ணா முதல்ல உன் கையெழுத்தைத்தான் கேப்பாங்க, பாப்பா. அடுத்தது என்னை. அதான் மூணு நாளா நிக்குதுல்ல?"

"இங்கயும் ஆறு நாள் நின்னுச்சு மாமா."

அவள் ஸ்பீக்கரில் போட்ட போனில், கட்டுமான இடத்தின் பாதுகாப்பு அதிகாரி சிரித்தார். "காலையிலதான் மேடம் ஸ்பானர் வச்சுப் பாத்தோம். எல்லாம் கல்லு மாதிரி டைட்டு."

"டைட்டா இருக்கறதாலதான் சார் உடையும். மேல இருக்கறவரை இறங்கச் சொல்லுங்க."

"ரெண்டு டன் தொங்குது. வேலை நின்னா யார் பதில் சொல்றது?"

"நான். சர்டிஃபிகேட்ல இருக்கறது என் கையெழுத்து. சோதனை முடியறதுக்கு முன்னாடியே போட்டேன். அப்படியே எழுதிக்கங்க."

எதிர்முனையில் அதிகாரி எடுத்த வாக்கி டாக்கியின் கரகரப்பு: "சரக்கை மெதுவா இறக்கு. வெட்டி இழுக்காத. இறங்கி வா."

ஒன்பது நிமிடம். மாமா சுவரில் சாய்ந்து நின்றார். உட்காரச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

ஆபரேட்டர் இறங்கிய பிறகுதான் தூணில் ஆள் ஏறிப் பார்த்தார்கள். அதிகாரியின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "ஒரே இணைப்புல ரெண்டு, மேடம். ஏறினவன் விரலாலதான் சுத்தினான். தலை கையோட வந்துடுச்சு."

போன் கை மாறியது. புதிய குரல், மூச்சு வாங்கியது. "நான்தாங்க மேல இருந்தவன். சொன்னதுக்குப் பெரிய நன்றிம்மா. ஆனா, இதைச் சரின்னு கையெழுத்துப் போட்டது எந்த ஆளு? ஒரு தடவை நேர்ல பாக்கணும்."

மாமா வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நான்தான்" என்றாள்.

இரும்புப் படியில் அவர் உட்காரும் சத்தம் போனில் கேட்டது.

"சோதனை முடியறதுக்கு முன்னாடியேன்னு சார் சொன்னாரு. எத்தனை மணி நேரம் வைக்கணுமாம் அதை?"

"இருநூறு."

"நாளைக்கு வரேன். அடுத்த லாட்டை நீங்க மாட்டுங்க. இருநூறு மணி நேரமும் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். எனக்கும் இப்ப வேலை இல்லையே."

நாளை அந்த அறைக்குள் தன்னை விடுவார்களா என்பது அவளுக்கே தெரியாது.

"வாங்க" என்றாள்.