ரப்பர் மண்புழு

ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. அந்த வார்த்தையைக் கேட்டாலே அறிவியல் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘பசுமைப் பள்ளி’ சான்றிதழ் மட்டும் கிடைக்கட்டும், நிரந்தரம் செய்யச் சொல்லி நானே எழுதுகிறேன் என்று ஹெட்மாஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் வாக்கு எந்த லட்சணம் என்று தெரிந்தும் டீச்சர் நம்பினார். வேறு வழி?

கற்றுக்கொடுக்க மேலிடத்திலிருந்து ஒரு சுற்றுச்சூழல் பெட்டி வந்திருந்தது. எட்டு மாதமாக ஹெட்மாஸ்டரின் பீரோவிலேயே பூட்டிக் கிடந்தது. கேட்டால், “பசங்க தொட்டா உடைச்சிடுவாங்கம்மா. ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?” என்பார்.

போங்கள் சார் என்று டீச்சர் ஒரு பழைய டிரம்மில் ஓட்டை போட்டு, மண்ணும் சருகும் நிரப்பி, மண்புழு விட்டார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள். அப்புறம் கேட்கவா வேண்டும்? பழத்தோலும் காய்கறித் தோலும் வீட்டிலிருந்து பொட்டலம் பொட்டலமாக வந்தன. நெட்டச்சி என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண் புழுக்களுக்குப் பெயர்கூட வைத்துவிட்டாள்.

சான்றிதழுக்கான ஆய்வு நாள். அதிகாரி வர ஒரு மணி நேரம் இருக்கையில் டீச்சர் பிள்ளைகளோடு போய் டிரம்மைத் திறந்தார். குப்பென்று பினாயில் வாடை. மேலே வெளுத்துப்போய்ச் சுருண்டு கிடந்தன, அத்தனையும்.

கூட்டிப் பெருக்கும் அக்கா பெருமையாக வந்து நின்றார். “நேத்து எல்லாத்தையும் சுத்தம் பண்ணச் சொன்னாரு சாரு. இதுல பாத்தா ஒரே புழு, டீச்சர்! ரெண்டு பாட்டில் ஊத்துனேன். ஒண்ணுகூட மிஞ்சல.”

இவரை என்னவென்று திட்டுவது? நெட்டச்சி குச்சியால் மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்மாஸ்டர் அசரவில்லை. அன்றைக்குத்தான் பெட்டியின் முத்திரையை உடைத்தார். உள்ளே ஒரு கண்ணாடித் தொட்டி, பிளாஸ்டிக் மண், ஆறு ரப்பர் மண்புழு. “இத வச்சு நடத்துங்கம்மா. காரியத்தக் கெடுத்துடாதீங்க.”

டீச்சர் நடத்தினார். ரப்பர் புழுவைக் கையில் பிடித்துக்கொண்டு, மண்ணின் உயிர் இதுதான் என்றார். சொல்லும்போதே தன்மேல் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. அதிகாரிக்கு ஏக சந்தோஷம். “பேஷ்! நாத்தமில்ல, அழுக்கில்ல. எங்க, நம்ம புழு என்ன சாப்பிடும்? நீ சொல்லும்மா.”

நெட்டச்சி எழுந்தாள். “பினாயில் சார்.”

ஹெட்மாஸ்டரின் பார்வை டீச்சர்மேல் குத்திட்டு நின்றது. ஆமாம் சார், நேற்று நாங்களே கொன்றுவிட்டோம் என்று ஒரு வாக்கியம் டீச்சரின் தொண்டைவரை வந்தது. ஆறு வருடம் அதை அப்படியே உள்ளே தள்ளியது.

“தப்பு,” என்றார் டீச்சர். “கவனிக்கவே மாட்டா சார் இவ. உக்காருடி.”

நெட்டச்சி உட்கார்ந்தாள். அழவில்லை, டீச்சரையே பார்த்தாள்.

“வேற யாரு சொல்றீங்க?” என்றார் அதிகாரி.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முப்பத்தெட்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: “காய்கறித் தோல் சார்!”

நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள் என்று அதிகாரி டீச்சரைப் பார்த்துக் கைதட்டினார்.