சூப்பர்வைசர் வேலைக்கு ஒரு கேப்டன்

திருச்சுழி சாலையில் இருக்கும் எங்கள் பதினாலு ஏக்கரைச் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டு மூன்று வருடம் ஆகிறது. பாட்டன் உழுத கரிசல் இப்போது கம்பிவேலிக்குள் கண்ணாடியாய்ப் பளபளக்கிறது. போன மாதம் பார்க்கப் போனபோது, "பாஸ் இருக்கா?" என்று காவலாளி மறித்தான். எங்கள் நிலத்தில் என்னையே! பேனல் கழுவும் ஆட்களுக்குச் சூப்பர்வைசர் தேவை என்று கேட்டில் போர்டு தொங்கியது. என் நிலத்துக்குள் மரியாதையாக நுழைய எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அறுபத்தாறு வயதில் மடிப்புக் கலையாத வேட்டியோடு நேர்காணலுக்குப் போனேன்.

மேனேஜர் ரோஷினிக்கு என் மகள் வயதுகூட இராது.

"ஆளுகளை வேலை வாங்கியிருக்கீங்களா அய்யா?"

"எங்க குடும்பமே வேலை வாங்குன குடும்பம்தாம்மா."

"சொன்னதைக் கேக்காத ஆளை என்ன செய்வீங்க?"

"எங்க சொல்லைத் தட்டுன ஆளே கிடையாது."

"நீங்க தோத்துப்போன ஒரு சமயம் சொல்லுங்க."

"எங்க வம்சத்துல அது கிடையாது."

ரோஷினி பேனாவை மூடிவிட்டார். போச்சு, பதினாலு ஏக்கரும் போச்சு.

"நேத்துச் சாயங்காலம் செத்தேம்மா" என்றேன்.

பேனா மறுபடி திறந்தது.

மூட்டு ஆபரேஷன் முடிந்து படுத்துக் கிடந்தபோது போனில் பழகிய துப்பாக்கி விளையாட்டு அது. நாலு பேர் ஓர் அணி. மனைவி மாயக்காளிடம்கூடப் பருத்தி விலை பார்ப்பதாகத்தான் சொல்லியிருக்கிறேன். வெளியே தெரிந்தால் வம்சத்துக்கே தலைக்குனிவு. அன்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ரெண்டு வருசமா நான்தான் கேப்டன். பாலத்துல போக வேணாம், எதிரி ஒளிஞ்சிருக்கான்னு ஒரு பய சொன்னான். நான் கேக்கலை. நாலு பேரும் காலி. அடுத்த ஆட்டத்துல, தப்பு என்னுது, நீ வழி சொல்லுன்னேன். ஜெயிச்சிட்டோம்மா!" மேசையில் ஓங்கித் தட்டியதில் பேனா உருண்டு விழுந்தது.

ரோஷினி உதட்டைக் கடித்துக்கொண்டார். "அந்த ஆளுகிட்ட நான் பேசலாமா?"

அந்தப் பயல் பந்தல்குடி லாரி டிரைவர் மணிகண்டன். நேரில் பார்த்ததில்லை. ஸ்பீக்கரில் போட்டதும் அறை அதிர்ந்தது. "ஏலே கேப்டன்! என்னலே, பகல்லயே கூப்புடுற?"

என்னை ஏலே என்று கூப்பிட்டவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவரும் இல்லை. முதுகு விறைத்தது. ஆனால் வயது முப்பத்திரண்டு என்று அவனிடம் புளுகியவன் நான்தானே.

"சோலார் கம்பெனி மேனேஜர் பேசுறேன். உங்க கேப்டன் எப்படி?" என்று ரோஷினி கேட்டார்.

"அவனா மேடம்? வாய் தாங்க முடியாது, கத்துவான். ஆனா நாம அடிபட்டு விழுந்தா தன் மருந்தை நமக்குக் குடுத்துட்டுத்தான் ஓடுவான். ஒருத்தனையும் விட்டுட்டுப் போனதில்லை. நல்ல பய."

"நல்ல பயலுக்கு வயசு அறுபத்தாறு" என்றார் ரோஷினி.

அந்தப் பக்கம் டீக்கடை இரைச்சலுக்கு நடுவே அவன் கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெல்ல, "அய்யா... கும்புடுறேன்யா."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கப் பார்த்தேன், மீசை ஆடிக் காட்டிக்கொடுத்தது. ரோஷினி மேசையில் கவிழ்ந்து சிரித்தார்.

"கும்புடு கெடக்கட்டும்லே. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டத்துக்கு வந்து சேரு!" என்றேன்.

கண்ணைத் துடைத்தபடி ரோஷினி கடைசிக் கேள்வியைக் கேட்டார். "கழுவுறதுக்கு ஆறு பேரு, ஒரே தண்ணி வண்டி. வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும். எங்க ஆரம்பிப்பீங்க?"

"மொதல்ல அந்த ஆறு பேரையும் கேப்பேம்மா. தினம் கழுவுறவுக அவுகதானே."

"திங்கக்கிழமை வந்துருங்க."

வெளியே வந்து கேட்டுப் பக்கம் திரும்பவில்லை. பேனல்களுக்கு நடுவே வடமூலை வரை போனேன். நடந்தேன் என்று சொல்வதுதான் கௌரவம். உண்மையில் ஓடினேன். காவலாளி பின்னால் கத்தினான்.

"விடுங்கண்ணே, அவுக நம்ம சூப்பர்வைசர்" என்றது ரோஷினியின் குரல்.