ரெண்டு கொடை, ரெண்டு பெருமாள்

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். வியாழக்கிழமை காலையிலேயே ஜெரோம் கட்டிலுக்கு அடியில் குனிந்து மூன்று டிரங்குப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிட்டார். இடுப்பு வலிக்காரர். சாதாரண நாளில் ஒரு குடம் தண்ணீர் தூக்கச் சொன்னால் ஊரையே துணைக்குக் கூப்பிடுவார். அன்று அவருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

"ஷோகேஸ்ல இருந்த டீ செட்ட எடுத்துட்டேன். மேல ரெண்டு தட்டும் காலியாத்தான் இருக்கு, அடுக்கிக்கோங்க," என்றாள் மனைவி புஷ்பமேரி. சமையலறை வரை போனவள் திரும்பி வந்தாள். "எல்லாம் ரீனாவோடதுன்னுதான் சொல்லப் போறோம். ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன? பெட்டிக்குள் இருந்த எண்பத்தேழு பின்னல் பத்திரிகைகளும், நாற்பது ஜோடி ஊசிகளும், உல்லன் நூல் உருண்டைகளும், பின்னி முடித்த ஸ்வெட்டர்களும் மகள் ரீனாவினுடையவை அல்ல. அவள் ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட அப்பாவிடம்தான் கொண்டுவந்து நீட்டுவாள். அம்புட்டும் ஜெரோமினுடையவை.

திண்டுக்கல்லில் ஸ்வெட்டரா என்று சிரிக்கலாம். சித்திரையில் தார் ரோடு செருப்பைப் பிடித்து நிறுத்துகிற ஊர். ஆனால் ஜெரோம் இந்த வேலையைக் கற்றது மலைமேல். இருபத்தொன்பது வருடம் பஸ் கண்டக்டர், அதில் பாதி கொடைக்கானல் வண்டியில். சாயங்காலம் மேலே போனால் மறுநாள் காலையில்தான் இறக்கம். தங்கும் அறையில் சிமெண்ட் தரை ஜில்லென்று இருக்கும். பாய்க்கு அடியில் போட்டுக்கொள்ளலாம் என்று ஒருநாள் பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு வழவழப்பான ஆங்கிலப் பத்திரிகைகள் வாங்கினார். மலையில் தங்கியிருந்த எந்த வெள்ளைக்கார வீடு காலி செய்தபோது போட்டதோ. மேலே இருந்ததைப் புரட்டினால், கயிறு முறுக்கியதுபோல் நெஞ்சில் பின்னல் ஓடும் ஒரு வெள்ளை ஸ்வெட்டர் படம். இதை மனுஷக் கையா செய்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். படுக்க வாங்கிய புத்தகத்தின் மேல் அன்று அவர் படுக்கவில்லை.

ஊசி பிடிக்கிற விதத்தைப் பத்திரிகைப் படங்களைப் பார்த்தே பழகினார். டிரைவர் பேச்சிமுத்து ஒருமுறை பார்த்துவிட்டு டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டார். ஆறு மாதம் ஜெரோமுக்குத் 'தையல் டீச்சர்' என்று பேர். ஆம்பளைக்கு அது தாங்குமா? ஜெரோமுக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டுதான் பின்னுவார். மார்கழி விடிகாலைப் பூசைக்குத் தெருவில் பாதிக் குழந்தைகள் அவர் பின்னிய ஸ்வெட்டரோடுதான் போகும். ஆனால் அதெல்லாம் புஷ்பமேரியின் கைவேலை என்றுதான் தெருவுக்குத் தெரியும். தெருக்காரர்கள் வீட்டுக்கு வீடு கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் யாராவது அவளைப் புகழ்ந்தால், "ஏதோ தெரிஞ்சதச் செய்யுறேன்," என்பாள் அவள். ஜெரோம் எதிரில் உட்கார்ந்து செய்தித்தாளில் மழை நிலவரம் படித்துக்கொண்டிருப்பார்.

பத்திரிகைகளை அடுக்க உட்கார்ந்தால் வேலை நடக்குமா? ஒன்றை எடுத்துத் தூசி தட்டுவார், திறப்பார், அவ்வளவுதான், அரைமணி நேரம் போய்விடும். பின்னல் முறைகள் மட்டுமில்லை, அவற்றில் வாசகர் கடிதங்கள்கூட அவருக்கு மனப்பாடம். ஒரு அம்மாள் தன் பூனை நூல் கூடைக்குள் குட்டி போட்டுவிட்டதாக எழுதியிருந்தாள். அந்தக் குட்டிகள் என்ன ஆயின என்று ஜெரோம் பல நாள் கவலைப்பட்டிருக்கிறார். ஒரு சால்வையின் முறை பாதியில் நின்று, மீதி அடுத்த இதழில் என்று போட்டிருந்தது. அடுத்த இதழ் அவரிடம் இல்லை. பதினோரு வருடமாக அந்தச் சால்வையின் அடுத்த பாதியைத் தானே யோசித்து யோசித்து, ஏழு விதமாகப் பின்னிப் பிரித்துவிட்டார்.

முதலில் அவரைத் திணறடித்தவை அந்தப் பத்திரிகைகளின் எழுத்துகள்தான். பக்கம் பக்கமாக கே ரெண்டு, பி ரெண்டு என்று போட்டிருக்கும். கே என்றால் நூலைப் பின்னாலிருந்து எடுக்கிற நேர்க் கண்ணி, பி என்றால் முன்னாலிருந்து எடுக்கிற மறு கண்ணி என்று படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். பேர் தெரியவில்லை. கேட்க ஆளுமில்லை. கண்டக்டருக்குத் தெரிந்த கே கொடைக்கானல், தெரிந்த பி அதற்குக் கீழே பெருமாள்மலை. அன்றிலிருந்து அவர் வீட்டில் நேர்க் கண்ணிக்குக் கொடை, மறு கண்ணிக்குப் பெருமாள் என்றே பேராகிவிட்டது. "ரெண்டு கொடை, ரெண்டு பெருமாள்" என்று அவர் வாய்க்குள் முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டேதான் ரீனா பாடம் படித்து வளர்ந்தாள்.

இப்படி இருக்க, பையன் வீட்டிலிருந்து போன மாதம் போன் வந்தது. நிலக்கோட்டைக் குடும்பம். பையன் அமலன் கொடைக்கானல் தாண்டி பூம்பாறையில் பள்ளிக்கூட வாத்தியார். அவனுடைய அம்மா பாத்திமா, "குளிர்ல வந்து இருக்கணுமே, பிள்ளைக்குக் கைவேல ஏதாச்சும் தெரியுமா மதினி?" என்று கேட்டாராம். அப்போது புஷ்பமேரியின் கண்ணெதிரே கட்டில் மேல் பாதி முடிந்த ஒரு ஸ்வெட்டர் கிடந்தது. "ஸ்வெட்டரெல்லாம் அவளே பின்னுவாளே!" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்.

அடுக்கி முடிக்க இரண்டு நாள் ஆனது. பத்திரிகைகளை வருட வாரியாக வைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை. பிறகு குழந்தைக்கு, ஆணுக்கு, பெண்ணுக்கு, தொப்பி, கையுறை என்று பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் அட்டை வெட்டிப் பேர் எழுதினார். பழைய டிக்கெட் ரேக்கைத் துடைத்து அதன் பிளவுகளில் ஊசிகளைப் பருமன்படி குத்தினார். நூல் உருண்டைகளை மங்கலிலிருந்து பளீர் வரை நிறம் பார்த்து வரிசையாக உட்கார்த்தினார். சனிக்கிழமை மதியம் சோபாவில் உட்கார்ந்து பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. இத்தனை வருடம் கட்டிலடியில் கிடந்தவை முதல்முறையாக மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் நிற்கின்றன. ஆனால் இன்னொருத்தர் பேரில். அது மகளேயானாலும் வலிக்கத்தான் செய்தது.

ரீனா மூன்று நாளாக ஊசியோடு மல்லுக்கட்டினாள். விரல் ஒத்துழைக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"உண்மையச் சொல்லிருவோமேப்பா."

"வாரதுக்கு முன்னாடியேவா? ஒனக்கு அந்தத் தம்பியப் பிடிச்சிருக்கா இல்லையா?"

ரீனா தரையைப் பார்த்தாள். இரண்டு முறைதான் போனில் பேசியிருக்கிறாள். பூம்பாறையில் பூண்டு காயவைக்கிற வாசனை பள்ளிக்கூடம் வரை வரும் என்று அவன் சொன்னதை அம்மாவிடம் நான்கு முறை சொல்லிவிட்டாள். இதற்கு முன்னால் வந்த மூன்று வரன்களில் எதற்கும் அவள் வாயைத் திறந்ததில்லை. "பிடிச்சிருக்கு," என்றாள்.

"அப்ப நாளைக்கு ஒருநா சும்மா இரு. கல்யாணத்துக்கு அப்புறம் நான் கத்துத் தாரேன்," என்றார் ஜெரோம். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

இரண்டாம் பூசை முடிந்து அவர்கள் வந்தார்கள். அமலன், பாத்திமா, அமலனுடைய சித்தப்பா. பூ விளைகிற நிலக்கோட்டைக்காரர்கள் ஆயிற்றே, வாழையிலையில் பந்து பந்தாக மல்லிகைச் சரம். கேசரி வந்தது, காபி வந்தது. பாத்திமா இரண்டையும் தொடவில்லை. நேரே ஷோகேஸ் பக்கம் போய்விட்டார். கண்ணாடியைத் தள்ளி ஒரு நீலக் குழந்தை ஸ்வெட்டரை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். பின்னல் தெரிந்தவர்கள் உள்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

"முடிச்சே தெரியலயே! இம்புட்டுச் சுத்தமா நான் யாரு கையிலயும் பாத்ததில்ல," என்றார் பாத்திமா. ரீனாவின் கன்னத்தைத் தொட்டார். "என்னா தங்கக் கையிம்மா இது!"

ரீனா சிரிக்க முயன்றாள். ஜெரோம் காபியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

பாத்திமா வந்து உட்கார்ந்து தன் பையைத் திறந்தார். கருநீல நூலில் ஒரு பெரிய ஸ்வெட்டர். முன்பக்கமும் பின்பக்கமும் முடிந்திருந்தன. கைகள் இனிமேல்தான், ஒரு கைக்கு மணிக்கட்டுப் பட்டை மட்டும் தொடங்கி ஊசியில் நின்றது. "அமலனுக்குப் போட்டது. கண்ணுல புரை எடுத்ததுக்கு அப்புறம் இந்தக் கருநீலத்துல கண்ணியே தெரிய மாட்டேங்குது. ஒண்ணு நழுவி நாலு வரிசை கீழ எறங்கிருச்சும்மா. செத்த எடுத்துக் குடேன்," என்றார். சோதிப்பதற்காகக் கேட்கவில்லை. கண் தெரியாதவர் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அதுதான் பொறுக்க முடியவில்லை.

ரீனா வாங்கி மடியில் வைத்தாள். ஊசியை அசைத்தாள். கண்ணி இன்னும் இரண்டு வரிசை இறங்கியது. ஜெரோம் கண்ணை வேறு பக்கம் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. பட்டையில் கண்ணிகள் ரெண்டு ரெண்டாக மாறி மாறி வரும். விழுந்தது எந்த வகை என்று தெரியாமல் எடுத்தால் கோணிக்கொண்டு நிற்கும். புஷ்பமேரி கதவோரம் நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரீனா தலையைத் தூக்கினாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, இந்த எடத்துல கொடையா, பெருமாளா?"

"என்னம்மா, பஸ் ரூட்டா கேக்குற?" என்று சித்தப்பா சிரித்தார். "அது வந்து, அவங்க கண்டக்டரா இருந்தாங்கள்ல..." என்று புஷ்பமேரி இழுத்தாள். தானும் சேர்ந்து சிரித்திருந்தால் ஜெரோம் தப்பித்திருக்கலாம். ரீனா வாய் தவறிக் கேட்டாளா, வேண்டுமென்றே கேட்டாளா என்று பிறகு எத்தனையோ முறை யோசித்தும் அவருக்கு விளங்கவில்லை. அப்போது அவருக்குத் தெரிந்ததெல்லாம், இன்னும் இரண்டு வரிசை இறங்கினால் பட்டை ஓரம் வரை பிரிந்துவிடும் என்பதுதான்.

"குடு இங்க," என்று எழுந்தார்.

டிக்கெட் ரேக்கிலிருந்து ஒரு கொக்கி ஊசியை உருவினார். ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்தார். ஏணிப் படிகள் மாதிரி தொங்கிய ஆறு நூல்களையும் ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி மேலே ஏற்றினார். உதடு தானாக முணுமுணுத்தது. கண்ணியை ஊசியில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாந்தான் பின்னுறது," என்றார் ஜெரோம். "ஷோகேஸ்ல இருக்க அம்புட்டும் என்னோடது."

"பிள்ளைக்கு?" என்றார் பாத்திமா.

"எனக்கு ஒரு கண்ணிகூடத் தெரியாதுங்க," என்றாள் ரீனா. "கணக்கு நல்லா நடத்துவேன்."

சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், வாயையும் சேர்த்து மறைத்துக்கொண்டு. ஜெரோமுக்குக் காது சுட்டது. பாத்திமா சிரிக்கவில்லை.

"பின்னத் தெரியலன்னா நாங்க என்ன வேணாம்னா சொல்லிருப்போம்? மொத வார்த்தையே பொய்யா வந்தா மனசுக்குக் கஷ்டமா இருக்குண்ணே."

"தப்புதாம்மா. அவ நேத்தே உண்மையச் சொல்லிருவோம்னா. பொம்பளைங்க பேருக்குப் பின்னால இத்தன வருசமா ஒளிஞ்சிக்கிட்டவன் நான். மொதல்ல வீட்டுக்காரி பேரு, இப்ப மக பேரு." சொல்லும்போது அவமானமாகத்தான் இருந்தது. சொல்லி முடித்த பிறகு, என்னவோ, மூச்சு லேசாக வந்தது.

பாத்திமா எழுந்தார். "சரி மதினி, நாங்க கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்." அந்த வாக்கியம் எந்த வீட்டுக்கூடத்தில் சொல்லப்பட்டாலும் அர்த்தம் என்ன என்று புஷ்பமேரிக்குத் தெரியும். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ரீனா மல்லிகைப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெரோம் நூலைச் சுற்றிப் பட்டையைப் பாத்திமாவிடம் நீட்டினார். வாங்கிய பாத்திமா கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் தடவினார். ஒரு தடவை, இன்னொரு தடவை.

"எந்த எடத்துலண்ணே விழுந்துச்சு?"

"இனிமே பாத்தாலும் தெரியாதும்மா," என்றார் ஜெரோம், கொஞ்சம் பெருமையாகவே.

பாத்திமா அங்கேயே நின்றார். பிறகு பட்டையைத் திரும்ப அவர் கையில் வைத்தார். "ரெண்டு கையும் பாக்கி கெடக்கு. ஆடி மாசக் காத்துக்கு முன்னாடி முடிச்சுக் குடுங்க. அது வேற, இது வேற." மகன் பக்கம் திரும்பினார். "நில்லுடா. அளவு எடுக்கட்டும்."

ஜெரோம் அளவு நாடாவோடு வந்தார். அமலன் எழுந்து வலது கையை நீட்டினான். நல்ல நீளமான கை, விரல் நுனியில் நோட்டு திருத்திய சிவப்பு மைக் கறை இருந்தது. தோளில் நாடாவின் நுனியை வைத்துப் பிடித்தார் ஜெரோம்.

"கொஞ்சம் மடக்கணும் தம்பி. இல்லன்னா எழுதும்போது மேல ஏறிக்கிரும்."

அமலன் முழங்கையை மடக்கினான்.

"இப்புடியா மாமா?"

சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். பாத்திமா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார். ரீனா நிமிரவில்லை. ஜெரோம் நாடாவை அந்த மணிக்கட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இலக்கத்தைப் படித்தார். இருபத்து மூன்றா, நான்கா? மறுபடி படித்தார். கண்ணில் நிற்கவில்லை. அமலன் கையை இறக்காமல் அப்படியே நின்றான்.