இரண்டாவது எம்பல்

அந்த வெள்ளைக்காரர் ஆட்டத்தைப் பார்க்காமல் ஜெகதீஸ்வரியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்து உள்ளரங்கில் அவளுக்கு ஒரு வாங்கு தள்ளித்தான் இருந்தார். சேலைக் கரையில் எதையாவது மிதித்துக்கொண்டு வந்துவிட்டேனாக்கும் என்று முதலில் குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. காஞ்சிபுரம் சேலைக்குக் கீழே ஒரு சோடி ஆம்பிளைச் சப்பாத்து, அவ்வளவுதான். பெண்களுக்கென்று கண்ணாடிக்குள் அழகாக அடுக்கி வைத்திருக்கிற எதற்குள்ளும் அவளுடைய கால் அடங்கியதில்லை என்பதை இந்த மனிதருக்கு யார் விளங்கப்படுத்துவது? பெப்ரவரிக் குளிருக்குச் சேலை வேண்டாம் என்றுதான் சொன்னாள். "எங்கட கலாசாரத்தை அவங்களும் பாக்கட்டும்" என்று புருசன் கணேசலிங்கம் ஒற்றைக் காலில் நின்றார். கலாசாரத்தைப் பார்க்க வேண்டியவர் சப்பாத்தைப் பார்க்கிறார். அவள் கால்களை வாங்குக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

வெள்ளைக்காரரின் பெயர் டேர்க். பெல்ஜியத்தில் சம்பளம் கொடுத்துக் கூடைப்பந்து ஆடவைக்கிற ஒரு கழகத்துக்கு ஆள் தேடுவது அவர் தொழில். வளையத்துக்குக் கீழே மலைபோல நிற்கிற நெடியவனை அந்த உலகத்தில் 'பிக் மேன்' என்பார்கள். அப்படி ஒருவன் லண்டனில், அதுவும் கணக்கியல் படித்துக்கொண்டு, சும்மா கிடக்கிறான் என்று யாரோ சொல்லி, ஜெகதீஸ்வரியின் மகன் சயந்தனைப் பார்க்க ரயிலேறி வந்திருந்தார். சயந்தன் ஆறடி ஒன்பது அங்குலம். லண்டன் ஓரத்துச் சட்டன் என்ற ஊரில் அவர்கள் வீட்டுக் கதவுகள் எல்லாவற்றுக்கும் அவன் ஒருமுறையாவது நெற்றியைக் கொடுத்திருக்கிறான்.

மகனுக்கும் பந்துக்கும் நடுவில் அடிக்கடி பாலேந்திரா அண்ணையின் முதுகு வந்து மறைத்தது. அவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். உலகத் தமிழர் விளையாட்டு ஒன்றியத்தின் ஐரோப்பியக் கிளைத் தலைவர் அவர். இந்தக் கிளைக்கு மரம் எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் விளக்கத் தொடங்கிவிடுவார். பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டு, நெஞ்சில் தானே வரைந்து தைப்பித்த இலச்சினை. கூடைப்பந்து பற்றி அவருக்குத் தெரிந்தது பந்து மேலிருந்து கீழே விழவேண்டும் என்பது மட்டும்தான். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிற நேரமாகப் பார்த்து, "அடி தம்பி, அடி, இனம் பாத்துக்கொண்டிருக்கு" என்று குரல் கொடுத்தார். சயந்தன் தவறவிட்டான். இனம் என்ன செய்யும்? ஏழெட்டுப் பேராக உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்தபிறகு டேர்க் பெற்றோரிடம் வந்து நிதானமாகப் பேசினார். ஜெகதீஸ்வரியின் ஆங்கிலம் சூப்பர்மார்க்கட் கல்லாவில் இருந்து பழகியது. ஆனால் மகனைப் பற்றி யார் எந்தப் பாஷையில் பேசினாலும் அவளுக்கு விளங்கும். கைகள் மிக நல்ல கைகள் என்றார் டேர்க். பந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. தலையை உயர்த்திப் பார்த்து மற்றவனுக்குக் கொடுக்கவும் தெரிகிறது. இந்த உயரத்தில் அது அபூர்வம். இடுப்பு இறுக்கம், வலப்பக்கம் திரும்பக் கால் சுணங்குகிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. முதல் எம்பல் எல்லா நெடியவனுக்கும் வரும். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பி வரும்போது, காலூன்றிய கையோடு மறுபடி எம்புகிறானா என்பதில்தான் அவன் விலை இருக்கிறது. உங்கள் மகன் ஒருதரம் எம்பிவிட்டு நின்று பார்க்கிறான்.

"பரவாயில்லை," என்றார் டேர்க். "பத்தொன்பது வயதுதானே. கற்றுக்கொடுக்கலாம். இன்னும் இரண்டு அங்குலம் வளரவும் இடமிருக்கிறது. இதுவே இருபத்தொன்று என்றால் இடைவேளையோடு ரயிலேறியிருப்பேன்."

கணேசலிங்கம் சிரித்தார். அந்தப் பகிடிக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு தேவையில்லை. ஜெகதீஸ்வரி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

சயந்தனுக்கு இருபத்தொரு வயது போன கிழமைதான் முடிந்திருந்தது. கேக்கில் எரிந்தவை பத்தொன்பது மெழுகுதிரிகள்.

அந்த இரண்டு வருசத்தை ஒளித்துவைத்தவர் வேறு யாருமில்லை, பாலேந்திரா அண்ணைதான். ஊரிலிருந்து கணேசலிங்கம் முதலில் வந்து, பிறகு அவளும் பிள்ளையும் கள்ளமாக ஆள் கூட்டிவருகிற ஏஜென்சிக்காரனின் பின்னால் வந்து சேர்ந்த காலம் அது. அப்போது பாலேந்திரா அண்ணையிடம் நீலக் கோட்டு இல்லை. ஒரு ஃபாக்ஸ் மெசின் இருந்தது. ஃபாக்ஸ் மெசின் வைத்திருந்தவர் எல்லாரும் அந்த நாளில் சட்ட நிபுணர். "ரெண்டு வருசத்தைக் குறைச்சுக் குடு கணேஸ். பெடியன் கீழ் வகுப்பில இருந்து இங்கிலீசைப் பிடிச்சிடுவான்" என்றார். அகதி விண்ணப்பத்தில் குறைத்துக் கொடுத்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தான். ரீச்சர் வாயைப் பிளந்தா: என்ன உயரம், என்ன பலம். அன்றைக்குத் தொடங்கியது எல்லாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர், பதினைந்து வயதுக்குட்பட்டோர் என்று வருசா வருசம் கிண்ணம். கிண்ணத்தைக் கொடுக்கிற மேடையில் தமிழனின் உடற்கட்டு பற்றிப் பாலேந்திரா அண்ணை அரை மணித்தியாலம் பேசுவார். வீட்டில் யாரும் வயதைப் பற்றிக் கதைப்பதில்லை. பிறந்தநாள் நட்சத்திரத்துக்கு ஜெகதீஸ்வரி கோயிலில் அர்ச்சனை செய்வாள். ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்பார், வருசத்தைக் கேட்கமாட்டார். இந்த நாட்டில் பிள்ளையைப் பற்றிப் பொய் சொல்லாமல் அவள் நிற்கக்கூடிய ஒரே இடம் அது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டேர்க் வீட்டுக்கு வந்தார். வந்த விதத்தைப் பார்த்தால் பெண் பார்க்க வந்த மாதிரியே இருந்தது. முன்னறையில் புதுக் குஷன், மேசையில் வடையும் ரோல்சும், சுவரோரம் கிண்ணங்களின் அணிவகுப்பு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்போலப் பாலேந்திரா அண்ணை நடுக் கதிரையில் இருந்தார். பெண்ணாகிய சயந்தன் வந்து, கதவு நிலைக்குக் குனிந்து, வணக்கம் சொல்லிவிட்டு, எங்கே காலை வைப்பது என்று தெரியாமல் சோபாவின் ஓரத்தில் அமர்ந்தான். டேர்க் அவன் கையை விரிக்கச் சொல்லி அளந்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜெகதீஸ்வரியை எழுந்து நிற்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். நெடியவர்களின் கணக்கு தாய்மாரில்தான் இருக்கிறது, அன்றைக்கு உங்கள் பாதத்தைப் பார்த்ததற்கு மன்னிக்கவேண்டும் என்றார்.

அவள் எழுந்து நின்றாள். புருசன் அண்ணாந்து பார்த்தார். இவரும் இவருடைய வீட்டாரும் அவளைப் பார்க்க வந்த நாளில், எழும்பவே கூடாது என்று சித்தி சொல்லிவைத்திருந்தா. இருந்தபடியே பலகாரத் தட்டை நீட்டினாள். விசயம் மணவறையில்தான் வெளிவந்தது. ஐயர் எழும்பச் சொன்னபோது சபையில் ஒரு சலசலப்பு. மாப்பிள்ளை மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அக்கினியைச் சுற்றத் தொடங்கினார். கூடினதைக் குறைத்துக் காட்டி ஒப்பேற்றுவது இந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் டேர்க் சொல்லிக்கொண்டிருந்தார்: ஒரு கிழமை எங்களோடு வந்து ஆடட்டும். எங்கள் டாக்டர் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பார். எலும்பு வளர இன்னும் இடம் இருக்கிறதா, மூடிவிட்டதா என்று அதில் தெரியும்.

"எங்கட சாதகம் மாதிரித்தான்," என்று பாலேந்திரா அண்ணை எல்லாருக்கும் மொழிபெயர்த்தார். "பொருத்தம் பாக்கிறாங்கள். வடிவாப் பாக்கட்டும், எங்களுக்கென்ன."

ஜெகதீஸ்வரி தேத்தண்ணிக் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். கணேசலிங்கம் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"நீர் வாயைத் திறக்கவேண்டாம்."

"நான் எங்கை திறந்தனான்? எலும்பு திறக்கப்போகுது."

"பத்தொன்பதிலையும் எலும்பு மூடுமாம். நான் விசாரிச்சனான்."

"அப்ப விசாரிச்சும் போட்டியள்."

அவர் குரலைத் தணித்தார். "பாஸ்போட்டில இருக்கிற வயசு பிழையெண்டு தெரிஞ்சால் ஹோம் ஒபிஸ் குடிவரவுக்காரன் சும்மா விடுவானே? எல்லாரையும் கிண்டுவாங்கள். என்ர வேலை, உம்மட வேலை, இந்த வீடு. யோசிச்சுப் பாரும்."

அவள் யோசித்துத்தான் இருந்தாள். பன்னிரண்டு வருசமாக யோசித்து யோசித்து அது ஒரு பல்வலிபோலப் பழகியிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு பாலேந்திரா அண்ணை வந்தார், மிளகாய்ச் சோஸ் தேடி. அவள் கேட்டுவிட்டாள்: "அண்ணை, நாங்கள் வந்த புதுசில சயந்தனுக்கு வயசு எழுதினது உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

அவர் போத்தலை எடுத்துக்கொண்டு பெருந்தன்மையாகச் சிரித்தார். "எத்தினை சனத்துக்குச் செய்தனான், தங்கச்சி. செய்த உதவியை எல்லாம் மனசில வைச்சிருக்கிற ஆளில்லை நான்."

போய்விட்டார். நடிப்பில்லை, உண்மையாகவே மறந்திருந்தார். கணேசலிங்கமும் சோஸ் போன வழியே போனார்.

பிறகு சயந்தன் வந்தான். குனிந்து நுழைந்து, நிமிராமல், குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்தான். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். ஒன்பது வயதில் வந்த பிள்ளைக்குத் தன் வயது தெரியாதா? ஏழு மெழுகுதிரியை அவன் எண்ணிப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் அவளிடம் இருக்கிறது. பிறகு ஊதி அணைத்தான்.

"போகப் பயமா இருக்கோ, தம்பி?"

"போக விருப்பம். சரியான விருப்பம், அம்மா." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அண்டர் ஃபிப்டீன் ஃபைனலில ஒரு சின்னப் பெடியனுக்கு மேலால பந்தைப் போட்டனான். அவன் விழுந்து கை முறிஞ்சுது. எல்லாரும் கை தட்டினவை. எனக்கு அப்ப பதினாறு முடிஞ்சிட்டுது."

அவள் துணியால் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"நான் கெட்டிக்காரனா, இல்லாட்டி மூத்தவனா எண்டு எனக்கு ஒருநாளும் தெரியேல்லை. இந்த மனிசனுக்கு மட்டும்தான் அது தெரியும். ஆனா உண்மை வயசைச் சொன்னால்தான் அவராலயும் சொல்ல ஏலும். சொன்னால் போயிடுவார்."

"சொல்லாட்டி?"

"போவன். எக்ஸ்ரேயில தப்பினாலும் தப்புவன். பிறகும் தெரியாது."

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. அப்பா, வீடு, பாஸ்போட் எல்லாம் நாக்கின் நுனியில் வந்து நின்றன. சித்தியின் குரலும் வந்து நின்றது, எழும்பாதை பிள்ளை, எழும்பாதை. "வெளியில குளிர், அந்தக் கோட்டைப் போடு" என்று மட்டும் சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் வெளியே போகப்போவதாகச் சொல்லவே இல்லை.

முன்னறையில் டேர்க் விடைபெற்றுக்கொண்டிருந்தார். சயந்தன் ஸ்டேசன்வரை கூட வருகிறேன் என்றான். கோட்டு போட்டானே தவிர, காலில் வீட்டுச் செருப்பு. தானும் வருவதாகப் பாலேந்திரா அண்ணை எழும்ப, ஜெகதீஸ்வரி வடைத் தட்டை அவர் மடிக்கு நேரே நீட்டினாள். அவர் இருந்துவிட்டார்.

அவள் யன்னல் திரையை ஒதுக்கினாள். இரண்டு பேரும் தெருவில் மெல்ல நடந்தார்கள். மகன் முதுகை வளைத்து ஏதோ சொல்லிக்கொண்டு போனான். நாலைந்து வீடு தாண்டியதும் டேர்க் நின்றார். சிகரெட்டைப் பற்றவைக்கப் போன கை வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் அப்படியே இருந்தது. அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. மகனின் முகமும் தெரியவில்லை. வளைந்த பெரிய முதுகு மட்டும். பின்னால் பாலேந்திரா அண்ணை தமிழ் ரேடியோவுக்கு அனுப்பச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். "ஐரோப்பிய மண்ணில் கால்பதித்த எங்கள் இளம் சிங்கம்... கணேஸ், சிங்கம் வேண்டாம், வேங்கை எண்டு போடுவமே?" கணேசலிங்கம் யன்னலுக்கு வந்து, அவளுடைய தோளுக்குப் பக்கத்தால் எட்டிப் பார்த்தார்.

டேர்க் சிகரெட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். ஸ்டேசன் பக்கம் இரண்டடி வைத்தார். பிறகு திரும்பி, நடைபாதையில் நின்ற செர்ரி மரத்தின் மொட்டைக் கிளை ஒன்றைக் கைநீட்டிக் காட்டினார்.

"என்னவாம்?" என்று கணேசலிங்கம் கேட்டார்.

சயந்தன் செருப்பைக் கழற்றி, மதிலோரம் சோடியாக வைத்தான். வெறுங்காலோடு ஈரக் கல்லில் நின்று அண்ணாந்து பார்த்தான். எம்பினான். விரல் பட்டுக் கிளை ஆடியது, அதிலிருந்த தண்ணீர் டேர்க்கின் தோளில் சிதறியது. அவன் காலூன்றினான். அடுத்த எம்பலுக்கு முழங்கால் மடிந்தது.