தூண்டில் இல்லாத இறகு

என் மனைவி மார்கிரட்டுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. வள்ளத்தில் ஏறினால் கரை மறைய முன்னமே அவளுக்குத் தலை சுற்றும். ஆனாலும் வடகரையில் எந்தத் துறைக்குப் போய்க் குருநகர் மார்கிரட் என்று சொன்னாலும், "தூண்டில் கட்டுகிற அக்காவோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். அப்படி ஒரு பெயர் அவளுக்கு.

எங்கள் வீட்டோடு சேர்த்து ஒரு நீளமான தகரக் கொட்டில் போட்டிருந்தோம். அரியாலையிலிருந்து பத்மாவதியும், எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிற சில பெண்களும் காலையில் வந்து இருந்து, நைலோன் நூலில் தூண்டில்களை வரிசையாகக் கட்டிச் சுறாத் தூண்டில் செய்வார்கள். மார்கிரட்டின் தம்பி லியோன் ஈயம் உருக்கி, நூலைத் தாழ்த்துகிற குண்டு வார்ப்பான். நான் பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கிளாக்கர். கொட்டிலில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. பின்னேரம் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்திருப்பேன், அவ்வளவுதான்.

எழுபத்துமூன்றாம் ஆண்டு தூண்டிலுக்குத் தட்டுப்பாடு வந்தது. தூண்டில் என்றால் வளைந்த அந்த இரும்புதான். அது பிறநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டிய சாமான். கொழும்பு வியாபாரி ஒவ்வொரு முறையும் அடுத்த கப்பல், அடுத்த கப்பல் என்றார். நூலை எப்படியோ தேடிப் பிடிக்கலாம், ஈயம் பழைய இரும்புக் கடைகளில் கிடைத்தது. பெரிய தூண்டில்தான் இல்லை. மார்கிரட் முன்யோசனையாக ஒரு பிஸ்கற் தகரம் நிறைய எடுத்து வைத்திருந்தாள். வாடைக் காற்று ஓய்ந்து கடல் தெளிகிற காலத்துச் சுறாத் தொழிலுக்கு அது காணும் என்று அவளுக்குக் கணக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் லியோன் தன்னுடைய இறகைச் செய்தான்.

மீன்வடிவில் ஒரு சின்ன ஈயத் தலை. அதற்குச் சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் சுற்றி, சிவப்புப் புள்ளியில் கண் வைத்து, பின்னால் வெள்ளைச் சேவல் இறகுகளைக் கட்டியிருந்தான். ஈயம் வார்க்கும்போதே பெரிய தூண்டில் ஒன்றை உள்ளே வைத்து வார்த்துவிடுவான். இறகுக்குள் அது மறைந்து கிடக்கும். மெசின் வள்ளத்துக்குப் பின்னால் நூலில் விட்டு இழுத்துக்கொண்டு ஓடினால், தண்ணீருக்குள் குஞ்சு மீன் வெருண்டு ஓடுகிற மாதிரியே இருக்கும். இரை தேவையில்லை.

மயிலிட்டியில் மெசின் வள்ளம் வைத்திருந்த தியாகலிங்கம் அதைக் கடலில் கொண்டுபோய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் வள்ளத்தில் அறக்குளா மீன் விறகு அடுக்கினதுபோலக் கிடந்ததாம். அன்று பின்னேரமே துறை முழுக்க இந்தக் கதைதான். லியோன் அங்கேயே நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"அக்கா, இனி உந்தச் சுறாத் தூண்டிலை விடு. எல்லாரும் இறகுதான் கேக்கினம். நாளைக்கே வார்க்கத் துவங்குவம்."

"எதிலை வார்க்கிறது?"

"தகரத்துக்குள்ளை தூண்டில் கிடக்குத்தானே?"

மார்கிரட் கையிலிருந்த நூலைக் கீழே வைத்தாள். "அது சுறாத் தூண்டிலுக்கு வைச்சது. நாகலிங்கண்ணையவைக்குத் தாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

நாகலிங்கம் பருத்தித்துறைப் பக்கத்துப் பாய் வள்ளக்காரர். அவரைப்போலப் பலருக்கு மெசின் இல்லை. பாயில் ஓடினால் இறகு உயிரோடு துள்ளுகிற வேகம் வராது. சுறாத் தூண்டிலைக் கடலில் பரவி விட்டுக் காத்திருந்து பிடித்து, கருவாடு போட்டு விற்கிற ஆட்கள் அவர்கள். அந்தத் தொழிலும் இல்லையென்றால் அந்தப் பருவம் முழுக்க வள்ளம் கரையில்தான்.

லியோனுக்கு ஆத்திரம் வந்தது. "புதுச் சாமான் எண்டா ஆசை இருக்கேக்கை குடுக்கோணும் அக்கா. பிந்தினா வேறை ஆரும் பாத்துச் செய்துபோடுவினம். பேந்து ஆர் எங்களைத் தேடி வரப்போகினம்?"

"செய்யட்டும்."

"நான் துறையிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். இனி எந்த முகத்தோடை போறது?"

"நீ போகவேண்டாம். நான் போறன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி மயிலிட்டிக்குப் போனோம். வள்ளங்கள் வந்து மீன் இறக்கி முடிந்த நேரம். மார்கிரட்டைக் கண்டதும் இறகு வந்துவிட்டது என்று நினைத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் நின்றாள்.

"தம்பி சொன்னது பிழை. இப்ப இறகு தரேலாது. இருக்கிற தூண்டில் சுறாத் தொழிலுக்குத்தான் காணும். அவைக்கு முதல் சொன்னனான், அவைக்குத்தான் முதல் குடுப்பன்."

ஒருவன் சத்தம் போட்டான். "அப்ப என்னத்துக்குக் காட்டினியள்? ஆசை காட்டிப்போட்டு இல்லை எண்டுறதோ?"

இன்னொருவன், பொம்பிளையை நம்பி வியாபாரம் பேசினது தங்கள் பிழை என்றான். நான் முன்னுக்கு ஒரு அடி வைத்தேன். மார்கிரட் திரும்பிப் பார்க்காமலே கையால் என்னை மறித்தாள்.

தியாகலிங்கம் நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் முகம் சரியில்லை. "இஞ்சை பார் தங்கச்சி, நானும் உன்னட்டைச் சுறாத் தூண்டிலுக்குச் சொல்லியிருக்கிறன். என்ரை பங்கு எனக்கு வேண்டாம். அந்தத் தூண்டிலிலை இறகு செய்து தா."

"உங்கடை பங்கு தரலாம் அண்ணை. அது உங்களுக்கு மட்டும்தான் காணும். மற்ற ஆக்களுக்கு?"

மார்கிரட் அவருடைய வள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பக்க அணியத்தில் பழைய நூல் சிக்கெடுக்காமல் ஒரு குவியலாகக் கிடந்தது. அவள் கிட்டப் போய் அதைக் கிளறினாள். நூல் உக்கிப் போயிருந்தது. அதில் தொங்கிய தூண்டில்கள் கொஞ்சம் கறள் பிடித்திருந்தாலும் இரும்பு நல்லாக இருந்தது.

"உது என்னத்துக்குச் சும்மா கிடக்கு?"

"அறுந்த பழசு. எல்லா வள்ளத்திலையும் கிடக்கும். ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன். ஒரே அளவு இல்லாததை என்ன செய்யிறது?"

"அப்ப உங்களிட்டைத் தூண்டில் இருக்கு. என்னட்டை இறகு இருக்கு" என்றாள் மார்கிரட். "தூண்டில் இல்லாத இறகு செய்து தந்தா, உங்கடை தூண்டிலை நீங்களே கட்டுவியளோ?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். தூண்டில் இல்லாமல் தூண்டில் விற்கிற ஒரே ஆள் இவ்வளவு காலத்தில் இவதான் என்று ஒரு குரல் கேட்டது. தியாகலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. "கட்டலாம். ஆனா எப்பிடிச் செய்வாய்?" என்று கேட்டார்.

எப்படி என்று அவளுக்கும் அப்போது தெரியாது. பஸ்ஸில் வரும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் லியோனிடம் சொன்னாள்: ஈயத் தலைக்கு நடுவால் ஒரு துவாரம் வேண்டும். நூல் முன்னுக்கால் நுழைந்து பின்னுக்கால் வரவேண்டும். வந்த நூலில் அவரவர் தூண்டிலைக் கட்டட்டும். பெரிசோ சின்னனோ, அது அவரவர் பாடு.

லியோன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தான். ஆனால் கை சும்மா இருக்கிற ஆள் இல்லை அவன். ஒரு ஆணியை விளக்குப் புகையில் பிடித்துக் கரி ஏற்றி, அச்சுக்குள் நீளவாக்கில் வைத்து ஈயத்தை ஊற்றினான். கரி இருந்தபடியால் ஈயம் ஒட்டவில்லை. ஆறினதும் ஆணியை இழுத்தான், துவாரம் நேராக வந்தது. அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் வந்திருக்கு" என்று வாய்க்குள் சொன்னான். தமக்கையோடு இருந்த கோபம் அதோடு தீர்ந்தது.

முதலில் செய்ததைத் தியாகலிங்கத்திடம் கொடுத்து அனுப்பினோம். மூன்றாம் நாள் அவரே கொட்டிலுக்கு வந்து, அறுந்த நூல்களை மேசையில் போட்டார்.

"மீன் பிடிக்குது தங்கச்சி. ஆனா கொஞ்ச நேரத்திலை நூலை அறுத்துக்கொண்டு போயிடுது. ஒரு நல்ல அறக்குளா, என்ரை கண்ணுக்கு முன்னாலை போயிட்டுது."

பத்மாவதி நூலின் முனையைத் தடவிப் பார்த்தாள். "மீன்ரை பல்லு இல்லை இது. ஈய விளிம்பு தேய்ச்சிருக்கு" என்றாள். உண்மைதான். துவாரத்தின் வாய் கத்திபோல இருந்தது. லியோன் அரம் போட்டுத் தேய்த்துப் பார்த்தான். வெளிவாயைத் தேய்க்கலாம், உள்ளுக்கு என்ன செய்வது? மார்கிரட் சாப்பிடும்போதும் அந்த ஈயத் தலையைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருந்தாள். வள்ளக்காரர்களுக்கு முன்னால் வாய் விட்டது அவளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. "எனக்கு என்னத்துக்கு இந்த விசர் வேலை" என்று ஒருமுறை சொன்னாள். அவள் வாயில் அப்படி ஒரு சொல் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மற்ற நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்து சைக்கிளை நிறுத்தினேன். அவள் என்னுடைய சேட்டுப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பேனையைத் தாங்கோ."

தந்தேன். அவள் அதைக் கழற்றி உள்ளிருந்த மைக்குழாயை இழுத்தெடுத்தாள். அதை ஈயத் தலையின் துவாரத்துக்குள் விட்டாள். இறுக்கமாகப் போய் இருந்தது. இரண்டு பக்கமும் வெட்டி, உள்ளே இருந்த மையை ஊதித் தள்ளிவிட்டு, அதற்குள் நூலை விட்டு முன்னும் பின்னும் இழுத்தாள். நூல் எண்ணெய் பூசினதுபோல வழுக்கிக்கொண்டு போனது.

"நீர் நல்ல பேனையைப் பழுதாக்கிப்போட்டீர்" என்றேன்.

"உங்கடை பள்ளிக்கூடத்திலை வாத்திமார் சிவப்பு மையாலைதானே தாள் திருத்துறவை? முடிஞ்ச குழாயை என்ன செய்யிறவை?"

அன்றிலிருந்து ஆசிரியர்களின் மேசை லாச்சிகளில் கிடந்த வெறுங்குழாய்களெல்லாம் என்னுடைய சேட்டுப் பையில் வீட்டுக்கு வந்தன. சமயபாட ஆசிரியர் ஏன் என்று கேட்டார். அறக்குளாவுக்கு என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனாலும் மார்கிரட் ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். சுறாத் தூண்டில் கட்டி முடிகிறவரைக்கும் பெண்கள் ஒருவரும் இறகைத் தொடக்கூடாது. மெசின் வள்ளக்காரர்கள் வந்து வாசலில் நின்றார்கள். பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் காரில் வந்தார். தகரத்தில் இருக்கிற தூண்டிலை வைத்து இறகு செய்து தந்தால் கேட்ட விலை தருவதாகச் சொன்னார். மார்கிரட் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். வேறொன்றும் கொடுக்கவில்லை.

வாடை ஓய்ந்து, ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் துவங்க முன்னம் நாகலிங்கம் வந்தார். சுருள் சுருளாகச் சுற்றி வைத்த சுறாத் தூண்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு, "நீ எங்களைக் கைவிட்டிட்டாய் எண்டு கதைச்சினம் பிள்ளை. துறையிலை இறகுக் கதைதானே" என்றார்.

"ஆர் கதைச்சது?"

"நானும்தான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு ஒழுங்கையால் இறங்கிப் போனார்.

அன்று பின்னேரமே இறகு கட்டத் துவங்கினோம். நானும் இருந்து வெள்ளித்தாள் சுற்றினேன். பத்மாவதி நான் சுற்றினதை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினாள்.

பிறகு நடந்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. தியாகலிங்கம் ஒரு நாள் மூச்சு வாங்க வந்து சொன்னார்: இந்தத் துவாரம் போட்ட இறகு, ஈயத்துக்குள் தூண்டில் வைத்து லியோன் முதல் செய்ததைவிடத் திறம். முதல் செய்ததில் மீன் கடித்துவிட்டுத் தலையை உதறும். ஈயத்தின் பாரம் அங்குமிங்கும் ஆடி, தூண்டிலையே வாயிலிருந்து கழற்றிவிடும். இதில் மீன் கடித்ததும் ஈயத் தலை நூலோடு மேலே வழுக்கிப் போய்விடுகிறது. மீனின் வாயில் தூண்டில் மட்டும்தான். எவ்வளவு உதறினாலும் கழறாது.

"நீ இதை யோசிச்சுத்தான் செய்தனியோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. என்னட்டைத் தூண்டில் இல்லை, அதாலை செய்தன்" என்றாள் மார்கிரட். லியோன் அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "துவாரம் நான் போட்டது" என்றான். எல்லாரும் சிரித்தோம்.

அந்தப் பருவத்திலும் அடுத்த பருவத்திலும் தூண்டில் ஒழுங்காக வரவில்லை. இறகு மட்டும் நிற்கவேயில்லை. ஆட்கள் கறள் பிடித்த தூண்டிலை மண்ணெண்ணெயில் போட்டுத் தேய்த்துப் பாவித்தார்கள். கரவெட்டிப் பக்கம் வெள்ளைச் சேவல் வளர்த்த பெண்கள் அதன் இறகைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார்கள். எழுபத்தேழுக்குப் பிறகு பிறநாட்டுச் சாமான் தாராளமாக வரத் துவங்கியது. கண்ணாடிப் பெட்டியில் மினுங்குகிற பொய் மீன்களும் கடைகளுக்கு வந்தன. எங்கள் கொட்டிலை மூடவில்லை. கூரைக்கு இன்னும் தகரம் போட்டு நீட்டினோம்.

போன கிழமை காங்கேசன்துறை பஸ்ஸில் எனக்கு முன்சீற்றில் இரண்டு பேர் இருந்து கதைத்துக்கொண்டு வந்தார்கள். நீர்கொழும்பிலிருந்து தொழிலுக்கு வந்த ஆட்கள் என்று பேச்சில் தெரிந்தது. குருநகர் இறகைச் செய்தது ஒரு வெள்ளைக்காரன் என்று ஒருவர் சொன்னார். இல்லை, எஞ்சினியர் ஒருவர் படித்துவிட்டு வந்து செய்தார் என்றார் மற்றவர்.

வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்றுதான் நினைத்தேன். கொக்குவில் தாண்டும் வரைக்கும் இருந்தேன். பிறகு எழுந்து, முன்சீற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"தம்பிமார், அது என்ரை மனிசி செய்தது" என்றேன்.

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் இருக்கவில்லை. இறங்குகிற இடம்வரை நின்றுகொண்டே முழுக் கதையையும் சொல்லிக்கொண்டு போனேன்.